யார் பெயரில் ஏற்றுவது

மொபைல் ஆப் செய்துகொடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கோடிங் பற்றித்தான் கேட்கிறார்கள். கோடிங்கில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். உயிரை வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். அக்கவுண்ட், கார்டு, ஆதார், டெஸ்டர் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அதனால் ஒரே ஒரு ஆப்பை ஸ்டோரில் ஏற்றிய கதையை மட்டும் எழுதுகிறேன். இதில் புத்தி கெட்டவனாக வருவது நான்தான். மறைத்து எழுதினால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

1. கார்டு

செவிலிமேட்டில் ஒரு மாடியில், இரண்டு மேஜை போட்ட ஆபீஸ் எனக்கு. அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டேன். அந்தப் பழக்கத்தில் நெசவுக்காரர்களுக்கு ஆப் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

ஜெயந்தியும் அப்படித்தான் வந்தார். ஐயம்பேட்டையில் தறி. நாற்பது வயது இருக்கும். பார்டரில் எந்த நிறம் எத்தனை வரிசை, புட்டா என்கிற பூ எந்த இடத்தில் விழவேண்டும் என்ற கணக்கைத் தன் குரலிலேயே பதிவு செய்து வைத்திருந்தார். நெய்கிறவர் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த வரிசையைப் போன் சொல்ல வேண்டும். கண்ணைப் புடவையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. இதுதான் அவர் கேட்ட ஆப். நான் பார்த்த ஐடியாக்களில் உருப்படியானது என்று அப்போதே நினைத்தேன்.

அவருக்கு ஒரு கெடுவும் இருந்தது. ஊரில் ஒரு நெசவுப் பயிற்சி மையத்தில் பயிற்சியாளர் வேலைக்கு மனு போட்டிருந்தார். படிப்புச் சான்றிதழ் இல்லை. அதற்குப் பதிலாக இந்த ஆப்பைக் காட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். அங்கே இருந்த அதிகாரி, “கடைசி தேதிக்குள்ள ஸ்டோர்ல உங்க பேர்ல இருக்கணும்மா. வேற யார் பேர்லயாவது இருந்தா அது அவங்க செஞ்சதுன்னுதான் எடுத்துக்குவோம்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசி தேதிக்கு முப்பத்தாறு நாள் இருந்தது.

“என் அக்கவுண்ட்லயே ஏத்திடலாம்மா. நாளைக்கே வந்துடும். அப்புறமா உங்க பேருக்கு மாத்திக்கலாம்” என்றேன்.

“வேணாம்ணா. என் பேருலயே ஆரம்பிங்க.”

நான் அப்படிச் சொன்னதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் நெசவாளர் சங்கத்து அட்டை எப்போதும் ஒருவர் பெயரில்தான் இருக்கும். நெய்வது மகனாக இருக்கும், மருமகளாக இருக்கும், சில வீட்டில் மச்சானாகவும் இருக்கும். புடவை மட்டும் சங்கத்து நோட்டில் அட்டைக்காரர் பெயரில் ஏறும். யாரும் அதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. ஜெயந்தி இருபது வருடம் நெய்த புடவைகள் எல்லாம் அவர் கணவர் முருகன் பெயரில்தான் ஏறியிருக்கின்றன. அதே புத்தியில்தான் நானும் என் அக்கவுண்டை வைத்திருந்தேன். முசரவாக்கத்தில் இருக்கும் என் சகலை தேவராஜ் ஆப் செய்யக் கற்றுக்கொண்டபோது, “தனியா எதுக்குப்பா அக்கவுண்டு? என்னுதுலயே ஏத்திக்கோ” என்று அனுமதி கொடுத்திருந்தேன்.

ஸ்டோரில் அக்கவுண்ட் திறக்க ஒரு தடவைக் கட்டணம் இருபத்தைந்து டாலர். ஜெயந்தியின் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பணம் போகாது. “என் கார்டுல போட்டுடறேன், நீங்க கையில குடுங்க” என்றேன். அதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். பேங்க்குக்குப் போய், மனு எழுதிக் கொடுத்து, கார்டைத் திறந்துகொண்டு வர நாலு நாள் ஆயிற்று. இந்தம்மா பிடிவாதத்தில் வேலையைக் கெடுத்துக்கொள்ளப்போகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

2. கடைசிப் பெயர்

ஆளைச் சரிபார்க்கிற ஃபாரத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? நான் முதல் கட்டத்தில் ஜெயந்தி என்றும் இரண்டாவதில் முருகன் என்றும் அடித்துவிட்டேன். சங்கத்து நோட்டில் மனைவி பெயரை அப்படித்தான் எழுதிப் பார்த்திருக்கிறேன். கை தானாகப் போய்விட்டது.

நாலாம் நாள், பெயர் பொருந்தவில்லை என்று ஸ்டோரிலிருந்து திருப்பிவிட்டார்கள். அவருடைய ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியலும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருக்கிறது. கணவர் பெயர் எங்கேயும் இல்லை.

ஜெயந்தி போனில் அந்த மெயிலைப் பார்த்தார். “எங்க வூட்டுக்காரர் பேரு இதுல எப்டிண்ணா வந்துச்சு?”

“பழக்கத்துல வந்துடுச்சும்மா.”

“பான் கார்டைக் கையில குடுத்தேனே. அதைப் பாத்து அடிக்கக் கூடாதா?”

பான் கார்டில் இருக்கிறபடி, அப்பா பெயரை முழுதாக விரித்து, எழுத்துக்கு எழுத்து பார்த்து மறுபடி அனுப்பினோம். இந்தத் தடவையும் திரும்பினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாலு நாள் அவர் தினமும் காலையில் கூப்பிட்டுக் கேட்பார், நான் “இன்னும் இல்லம்மா” என்பேன். ஐந்தாம் நாள் பச்சை டிக் வந்தது. பன்னிரண்டு நாள் போயிருந்தது.

ஆப்பை ஏற்றக் கம்ப்யூட்டர் வேண்டும். அவரிடம் இல்லை. “ஒவ்வொரு தடவையும் நீங்க பஸ் புடிச்சு வர முடியாது. என் மெயில் ஐடிக்கு அனுமதி குடுங்க, நான் இங்கயே ஏத்திடறேன்” என்றேன். அவர் யோசித்தார். அவருக்கு இஷ்டமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் வற்புறுத்தித்தான் வாங்கினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பன்னிரண்டு பேர்

புதிதாகத் தனிநபர் அக்கவுண்ட் திறக்கிறவர்கள் ஆப்பை நேராக வெளியிட முடியாது. ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கிற டெஸ்டராகப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, பதினாலு நாள் விடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகிப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் எண்ணிக்கை கெட்டுவிடும். பதினாலு நாள் முடிந்தபின் மனு போட்டு, ஸ்டோர்காரர்கள் பார்த்து, சரி என்று சொன்னால்தான் வெளியீடு.

நான் பன்னிரண்டு பேர் போதும் என்றேன். ஜெயந்தி தெருத்தெருவாகப் போய்ப் பதினாறு பேரைப் பிடித்துவந்தார். எல்லாரும் நெய்கிறவர்கள். மூன்றாம் நாளே ஒருவர் போனை மாற்றிவிட்டார். இன்னொருவர் போனில் இடம் பத்தவில்லை என்று ஆப்பை அழித்து, டெஸ்டிங்கிலிருந்தும் விலகிவிட்டார். பதினாலு பேர் மிச்சம்.

ஏழாம் நாள் கிராஃபைப் பார்த்தேன். அன்றைக்கு ஆப்பைத் திறந்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். ஒருவர்கூட இல்லை. எல்லாரும் கழன்றுகொண்டார்களா, சர்வர் படுத்துவிட்டதா ஒன்றும் புரியவில்லை. அவசரமாகப் போன் போட்டேன்.

“ஏம்மா, ஒருத்தர்கூட ஆப்பத் தொறக்கல. என்னம்மா ஆச்சு?”

அவர் சிரித்தார். “அமாவாசைண்ணா. தறிக்கு லீவு. தறி ஓடாம ஆப்பைத் தொறந்து இன்னா பண்ணுவாங்க?”

பதினெட்டு வருடம் இந்தத் தொழிலுக்கு டிசைன் போட்டவன் நான். அமாவாசை மறந்துபோயிற்று. தலையில் அடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு பல நாள் சிரிக்கவில்லை.

4. என் மெயில்

டெஸ்டிங் ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு மெயில் வந்தது. என் அக்கவுண்டை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். காரணம், கிரிக்கெட் மேட்சைத் திருட்டுத்தனமாகக் காட்டும் ஒரு ஆப். என் சகலை தேவராஜ் ஏற்றியது. முன்பே இரண்டு தடவை எச்சரிக்கை வந்திருக்கிறது. தலைப்பில் என் ஆப் பெயர் இல்லை என்று நான் அந்த மெயில்களைத் திறந்தே பார்க்கவில்லை.

தேவராஜைக் கூப்பிட்டேன். “எல்லாரும்தான் போடறாங்கன்னு போட்டேன் சகலை. வுடு, அக்கா பேருல வேற ஒண்ணு ஆரம்பிச்சுக்கோ” என்றான். என் மனைவியைத்தான் சொல்கிறான். போனை வைத்துவிட்டேன்.

மெயிலின் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். இனி நான் அக்கவுண்ட் திறக்கக்கூடாது. என் அக்கவுண்டோடு தொடர்புள்ள மற்ற அக்கவுண்டுகளும் மூடப்படலாம். ஜெயந்தியின் அக்கவுண்டில் அனுமதி வாங்கி உட்கார்ந்திருப்பது என்னுடைய அதே மெயில் ஐடிதான்.

அவர் பெயரில் அக்கவுண்ட் மூடப்பட்டால் அவரும் ஆயுசுக்கும் திறக்க முடியாது. பயிற்சி மையத்து வேலை கைவிட்டுப் போகும். யாரோ ஒருவனுடைய கிரிக்கெட் ஆப்புக்காக அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் நிற்கும்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. அன்றும் மறுநாளும் அவருக்குப் போன் செய்து, “டெஸ்டருங்க எல்லாம் இருக்காங்களாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன். மணிக்கொரு தரம் அவர் அக்கவுண்ட் இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். அப்படித் திறந்து பார்ப்பதே தொடர்பை இன்னும் கெட்டியாக்கும் என்பதுகூட உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போனேன். ஜெயந்தி தறியில் இருந்தார். முருகன் பக்கத்தில் பாவு நூலைச் சரிசெய்துகொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜெயந்தி தறியை நிறுத்தினார். “என் பேரு போயிடுமா?”

“போகலாம்மா. போகாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியல.”

“என்னிக்கு வந்துச்சு இந்த மெயிலு?”

“செவ்வாக்கிழமை.”

“அப்ப ரெண்டு நாளா தெரிஞ்சுக்கினேதான் டெஸ்டரு இருக்காங்களான்னு கேட்டுக்கினு இருந்தீங்களா?”

“ஆமாம்மா” என்றேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. முருகன்தான் மெதுவாக, “சரி வுடு ஜெயா, இப்ப இன்னா செய்யணும்னு கேளு” என்றார்.

அவர் போனிலேயே என் அனுமதியை நீக்க வழி சொன்னேன். என் பெயருக்கு எதிரே இருந்த பட்டனை அவரே அழுத்தி நீக்கினார்.

5. எழுத்துக்கூட்டல்

பதினாலு நாள் முடிந்து மனு போட்ட மறுநாள், ஸ்டோரிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இந்த அக்கவுண்டை யார் யார் கையாண்டார்கள், வேறு எந்த அக்கவுண்டோடாவது தொடர்பு உண்டா என்று விவரமாக எழுதச் சொல்லியிருந்தார்கள். கெடுவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

“யாரும் இல்ல, எல்லாம் நானேதான்னு எழுதிடுங்கம்மா” என்றேன்.

“நீங்க ஏத்துனது அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிருக்கலாம்.”

“அப்புறம் எதுக்குண்ணா பொய்யி? உள்ளதை எழுதறேன். இங்கிலீஷு எழுத்து மட்டும் சொல்லுங்க.”

போன் அவர் கையில். அவர் வீட்டில் நான் எதிரே ஸ்டூலில். இன்னார் கோடிங் செய்தார், இரண்டு தடவை அவர் ஆபீஸிலிருந்து ஏற்றினார், அவர் தன் அக்கவுண்டைச் சொந்தக்காரருக்குக் கொடுத்ததால் அது மூடப்பட்டது, எனக்குத் தெரிந்த அன்றே அவர் அனுமதியை நீக்கிவிட்டேன். இவ்வளவுதான் கடிதம். டெர்மினேட்டட் என்ற வார்த்தையை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவர் ஒற்றை விரலால் அடித்தார். “அடுத்து?” “ஐ.” “அடுத்து?” “என்.” என் பெயரையும் அப்படித்தான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், அந்த அரை மணி நேரம் மாதிரி எதுவும் என்னைக் குறுகவைத்ததில்லை.

ஏழு நாள் ஒன்றும் வரவில்லை. ஜெயந்தி எனக்குப் போன் செய்வதையே நிறுத்திவிட்டார். நான் செய்ய முகமில்லை. எட்டாம் நாள் மதியம் ஸ்டோரில் தேடிப் பார்த்தேன், ஆப் இருந்தது. அதன் அடியில் அவர் பெயர், அப்பா பெயரோடு, பான் கார்டில் இருக்கிறபடி. கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. மறுநாள் கடைசி தேதி.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளர் பெயரில், வாடிக்கையாளர் கார்டில், அவர் அடையாள அட்டையில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து. அவர் அக்கவுண்டில் அனுமதி கேட்டு வாங்காதீர்கள், உங்கள் அக்கவுண்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். மெயில் வந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இப்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே அழுத்த வேண்டும் என்று வாயால் மட்டும்தான் சொல்கிறேன்.

அடுத்த வாரம் பயிற்சி மையத்து அதிகாரி எனக்குப் போன் செய்தார். ஜெயந்தி தன் மனுவிலும் கோடிங் நான் என்று எழுதியிருக்கிறார்.

“கோடிங் நீங்க பண்ணீங்களாமே. அப்ப ஆப்பு உங்களுதுதானே சார்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு அக்கவுண்டும் இல்லை, காட்டிக்கொள்ள ஒரு ஆப்பும் மிச்சமில்லாத நேரம் அது.

“நெசவுக் கணக்கு அவங்களுது, குரல் அவங்களுது சார். நான் டைப் அடிச்சவன்” என்றேன்.