சின்ன மஸில் காரா, பெரியதா? அறந்தாங்கியில் ஒரு காலை

என் வீட்டுக்காரர் குவைத்தில் பத்தொன்பது வருஷம் மெக்கானிக். பெரிய இன்ஜினும் உறுமல் சத்தமுமாக இருக்கும் பழைய அமெரிக்க மஸில் கார்கள்தான் அவர் கைக்கு வரும். ஆனால் ஒன்றைக்கூட அவர் ஷெட் வாசலைத் தாண்டி ஓட்டியதில்லை. வேலை செய்கிறவன் ஓட்டக் கூடாதென்று முதலாளி கண்டிப்பாம். ஊருக்கே திரும்பி, இடது முழங்காலில் ஆபரேஷனும் ஆனபிறகு, ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டுமென்று ஆறு மாதமாகப் புலம்பல். போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டோம்.

கீரமங்கலத்தில் காலை 8.10-க்கு டவுன் பஸ். எனக்கு இலவசம், அவருக்கு இருபது ரூபாய். அறந்தாங்கியிலிருந்து நான்கு கிலோமீட்டரில் சலீம் பாயின் தென்னந்தோப்பு. ஆட்டோ 120 ரூபாய். கல்யாண போட்டோவுக்காக இரண்டு மஸில் கார் வைத்திருக்கிறார். தோப்புப் பாதையில் நாமே ஓட்டலாம், அரை மணிக்கு 1,500.

சின்னது இரண்டு கதவு, தனித்தனி சீட்டு, நடுவில் கியர். பெரியதோ எங்கள் வீட்டுக் கூடத்தின் நீளம். முன்னால் ஒரே நீள சீட்டு, கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை.

"சின்னதுதான் வண்டி. பெருசு கல்யாண மண்டபம் மாதிரில்ல இருக்கு" என்றார் இவர்.

"மொழங்காலக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன்.

கேட்டால்தானே! சின்னதன் கதவைத் திறந்து, பழக்கதோஷத்தில் சீட்டின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். குவைத் ஷெட்டில் அழுக்கு உடுப்போடு அப்படித்தான் உட்காருவாராம். "துண்ட எடுங்கண்ணே, இன்னைக்கு நீங்கதான் ஓனரு" என்றார் சலீம் பாய்.

கிளட்சை மிதித்தார், கால் நிற்கவில்லை. மூன்று தடவை வண்டி குதித்துக் குதித்து அணைந்தது. இறங்கி, தரையைப் பார்த்தபடி, "போதும், பஸ்ஸப் புடிப்போம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு தூரம் வந்தது இதற்கா? விறுவிறுவென்று போய்ப் பெரிய காரின் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பார்த்தால் எனக்கு நேரே ஸ்டியரிங்! அமெரிக்க வண்டி, அதற்கு எல்லாமே இடப்பக்கம். சலீம் பாய் சிரித்தார். நான் அசரவில்லை.

"நீங்க ஓட்டலைன்னா நான் ஓட்டுறேன்." எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது.

பதறிப்போய் வந்தார். அவருக்கு இடம்விட்டு, அந்த நீள சீட்டில் வலதுபக்கக் கதவு வரைக்கும் நகர்ந்தேன். வண்டி உறுமிக் கிளம்பியது. வேகம் இருபதைத் தாண்டவில்லை. ஒரு சுற்று முடியும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

இரண்டாவது சுற்றில் என் பக்கம் திரும்பினார். "என்னத்துக்கு அங்கிட்டுப் போயி ஒக்காந்திருக்க? பத்தொம்பது வருஷம் தள்ளி இருந்தது போதாதா? இங்கிட்டு வா."

போனேன்.

போகிறவர்களுக்கு: முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு, பத்து மணிக்குள் போய்விடுங்கள், ஏசி கிடையாது. கால் திடமாக இருந்து, தனியாகப் போனால் சின்னது நல்ல வண்டி, பாய்கிறதாம். வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து திரும்பியவரா? யோசிக்கவே வேண்டாம், பெரியதை எடுங்கள்.