ஐம்பத்தைந்து நிமிடத் தூரம்

ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் சந்தனராஜுக்குத் தூரக் கணக்கென்றால் பைத்தியம். கலியாண வீட்டில்கூட, பெண்ணின் ஊர் எத்தனை மைல், போக எத்தனை மணி என்று விசாரித்துவிட்டுப் பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிடுகிற ஆள்.

1951-ல் அவருடைய அப்பா பங்கிராஸ் படுத்த படுக்கையானபோது அந்தப் பைத்தியம் முற்றிப்போனது. அண்ணன் ஞானமணி யாழ்ப்பாணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். "மூத்தவன் மொகத்தைப் பாத்துட்டுப் போயிடுறேன்" என்பதைத் தவிரக் கிழவர் வேறொன்றும் கேட்கவில்லை. ரயிலும் கப்பலும் மாறி மாறி ஏறி வந்தால் இரண்டு நாள். ஆனால் யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானம் விட்டிருந்தார்கள். சந்தனராஜ் தேசப்படத்தில் நூல் பிடித்து அளந்தார்: நூற்றுப் பதினைந்து மைல், ஐம்பத்தைந்து நிமிடம். ஆவூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குச் சைக்கிள் மிதிக்கவே இரண்டு மணி நேரம் ஆகுமே என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு அப்பா மூச்சுக்குத் திணறுவது காதில் விழ, படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை பங்குச் சாமியார் வந்து கிழவருக்கு அவஸ்தை கொடுத்தார். சாகக் கிடப்பவருக்குத் தைலம் பூசுவதற்கு வேதக்காரக் கிறிஸ்தவர் வீடுகளில் அதுதான் பேர். அந்தச் சொல் காதில் விழுந்தால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் கை கழுவாமல் ஓடி வருவான். மறுநாள் விடிந்ததும் சந்தனராஜ் தந்தி ஆபீசில் நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தகராறு.

தந்தி குமாஸ்தா ஆத்மநாதன் நல்ல மனுஷர். "தமிழ்ல சொல்லுங்க வாத்தியாரே, நான் இங்கிலீஷ்ல எழுதிக்கிறேன்."

"அப்பாவுக்கு அவஸ்தை, சீக்கிரம் வா. அம்புட்டுதாங்க."

"பிளேன்ல வரச் சொல்லி எழுதட்டுமா?"

"வேணாங்க. அந்த ஒரு சொல்லு போதும், பறந்து வந்துருவாரு."

புதன்கிழமை விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் இறங்கியது. ஒன்பது பேர் வெளியே வந்தார்கள். பத்தாவதாக யாரும் வரவில்லை. கதவைச் சாத்திய பிறகும் சந்தனராஜ் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பும் வழியெல்லாம் கால்கள் மிதித்தனவே தவிர, உயிர் அவரிடம் இல்லை.

"எங்கிட்டுடா வாரான்?" என்றார் அப்பா.

"கடலுக்கு மேல வாராருப்பா. இந்தா, வந்துட்டாரு."

கிழவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். வியாழக்கிழமை மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அடக்கம் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கப்பல் வழியாக வந்து சேர்ந்தார் ஞானமணி. முகத்தில் பெரிய கலவரம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கென்று வாங்கிய சால்வையைக் கையில் பிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவர், வெறுங்கட்டிலைக் கண்டு நின்றார். சந்தனராஜின் மனைவி வியாகுலமேரி அவர் கையைப் பிடித்துக் கதறினாள்.

அழுது ஓய்ந்தபின் ஞானமணி சட்டைப்பையிலிருந்து தந்தியை எடுத்து நீட்டினார். 'பாதர் இன் டிபிகல்ட்டி. கம் சூன்.'

"டிபிகல்ட்டின்னா கஷ்டம்தானேடா? அந்த வரப்புச் சண்டை மறுபடி கெளம்பிருச்சுன்னு நெனச்சேன். அவஸ்தைன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா அன்னைக்கே பிளேன் ஏறியிருப்பேனே!"

ஆத்மநாதனைக் குறை சொல்ல வழியில்லை. அவர் வீட்டில் அவஸ்தை என்றால் கஷ்டம்தான். சந்தனராஜ் அண்ணன் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அவஸ்தைன்னுதாண்ணே சொன்னேன்" என்று விம்மினார். "அவஸ்தைன்னு மட்டுந்தாண்ணே சொன்னேன்."