சித்தப்பா கையில கட்டின வாட்ச்

அந்த வாட்ச்ச அப்பாவுக்கு சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்தது சித்தப்பா. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பின நேரம். தனியா சிம் போட்ட வாட்ச். கீழ விழுந்தா தானா எங்களுக்கு போன் வரும். "இனிமே அண்ணன் தைரியமா வயலுக்குப் போலாம், ரெண்டு நாளைக்கு சார்ஜ் நிக்கும்"னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னார்.

எங்க ரெண்டு நாளு? எங்க வயல் பக்கம் டவர் கிடைக்காது. அதத் தேடித் தேடியே சார்ஜ் இறங்கிடும். தெனம் ராத்திரி அம்மாதான் சார்ஜ் போட்டு, காலையில அப்பா கையில மாட்டி விடுவாங்க. பொழுது சாயறதுக்குள்ள செத்துடும். என் கையில கிடந்தது மலிவு பேண்டு. வாரத்துக்கு ஒருக்கா சார்ஜ் போட்டா போதும். ஆனா அதுக்கு நடக்குறத எண்ணத்தான் தெரியும், யாரையும் கூப்பிடத் தெரியாது.

குறுவை நட்ட சமயம். சாயங்காலம் மோட்டார் நிறுத்தப் போன அப்பா வரல. தேடிப் போனா வரப்புல கிடக்குறார். கையில வாட்ச் சார்ஜ் தீந்து கருப்பா இருந்துச்சு.

எழவுக்கு வந்த சித்தப்பா கூட்டத்துல சொன்னார்: "அண்ணி ஒழுங்கா சார்ஜ் போட்டிருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பான்." அப்பா கூடப் பொறந்த அத்தையும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. அன்னையிலேருந்து அம்மா வாயே தொறக்கல. அழக்கூட இல்ல.

கருமாதி வரைக்கும் பொறுத்தேன். தாய்மாமா சடங்குக்கு என் தலையில உருமாத் துணி கட்டி முடிச்சதும் சித்தப்பா கையப் புடிச்சேன். எல்லாரும் பாக்க அந்த வாட்ச்சக் கட்டினேன். "நூறு இருக்கு, பாத்துக்கங்க சித்தப்பா. அப்பா ஞாபகமா இன்னைக்கு முழுக்க கட்டியிருங்க." அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு ஒரு சொட்டு இரக்கம் வரல.

சாப்பிட்டதும் வயலுக்குக் கூட்டிட்டுப் போனேன். மோட்டார் கொட்டாயில உக்கார வச்சு, எல்லைக்கல் எங்க இருக்குன்னு கேட்டேன். அதக் கேட்டா போதும், பழைய பங்குக் கதையெல்லாம் பேசிட்டு அவர் எழுந்திரிக்கவே மாட்டார். பொழுது சாஞ்சு பந்தலுக்கு வந்தப்ப கையத் திருப்பிப் பாத்தார்.

"என்னடா இது, அணைஞ்சு போச்சு? சார்ஜர் எங்க?"

"காலையில நூறு காட்டினேனே. நீங்க ஒழுங்கா போடலியா சித்தப்பா?"

மாமா சித்தப்பாவப் பாத்து, "ஏன் மாப்ள, சிங்கப்பூர்ல மட்டுந்தான் ஓடுமா?"ன்னார். அத்தை தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"இங்க டவர் இல்லடா, அதான்."

"அத எங்கிட்ட சொல்லாதீங்க. அந்தா உக்காந்திருக்காங்க பாருங்க, எங்கம்மா. அவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. வாட்ச்சக் கழட்டி நாற்காலியில வச்சுட்டு கார எடுக்கச் சொல்லிட்டார்.

இப்பவும் போன் பண்ணுவார். "கையில சார்ஜ் இருக்கா சித்தப்பா?"ன்னுதான் மொதல்ல கேப்பேன். கட் பண்ணிடுவார். பண்ணட்டும். அம்மாகிட்ட 'தப்பா சொல்லிட்டேன் அண்ணி'ன்னு ஒரு வார்த்தை வர்ற வரைக்கும் கேப்பேன். வாட்ச் எங்கிட்டதான் இருக்கு. தெனம் சார்ஜ் போட்டு வைக்கிறேன். அடுத்த தடவ ஊருக்கு வந்தா, திரும்பவும் அவர் கையில கட்டுவேன்.