என் படபடப்புக்கு நானே மொழிபெயர்ப்பாளர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் டிராமில் முதல்முறை மூச்சடைத்து, கை மரத்து, உயிர் போகிறது என்று தோன்றியபோதும் "ஹார்ட் அட்டாக்!" என்று ஆங்கிலத்தில்தான் கத்தினேன். செத்தாலும் படித்தவளாகச் சாக வேண்டாமா?

ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. எனக்கு அது பெரிய அவமானம். ஆனால் படபடப்பு திரும்பத் திரும்ப வந்ததால் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்தப் பெங்காலி அம்மாள், ஒவ்வொரு முறையும் அதற்கு முன் யாரோடு இருந்தாய், என்ன பேசினீர்கள் என்றே கேட்டார். நான் டிராமையும், மெட்ரோவுக்குத் தோண்டிய தூசியையும் குற்றம் சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை. எல்லா முறையும் லேக் மார்க்கெட்டில் அப்பாவின் காப்பித்தூள் கடையிலிருந்துதான் கிளம்பியிருக்கிறேன். அங்கே அவர் வருகிறவர்களிடமெல்லாம், "பேங்க்ல கிளார்க்கா இருக்கிற எம்பொண்ணு ஆபீசர் பரீட்சை எழுதப் போறா" என்பார். பாதிப் பேர் பாஸானதற்கே வாழ்த்திவிட்டார்கள்.

"அப்பாவை அழைத்து வா" என்றார் மருத்துவர்.

அப்பாவின் பெங்காலி பேரம் பேச மட்டுமே போதும். ரேஷன் ஆபீசோ ஆஸ்பத்திரியோ, மொழிபெயர்ப்பது என் வேலை. அதில் கர்வமும் உண்டு. அன்றும் நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழாக்கினேன்: "பெயிலாயிட்டா உங்களுக்குத் தலைகுனிவுன்னு அவ பயப்படுறாளாம்ப்பா."

சொன்ன பிறகுதான் அந்த 'அவ' நான் என்பது உறைத்தது.

"எம்பொண்ணாவது, பயப்படுறதாவது! வேற யார் கேஸையோ பாத்துச் சொல்றாங்க போல, கேளு" என்றார் அப்பா. கேட்டேன். மருத்துவர், "நீ என்ன சொல்கிறாய்?" என்றார். பழக்க தோஷம், அதையும் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"யாரை, என்னையா கேக்குறாங்க?"

"இல்லப்பா, என்னை."

"அப்பச் சொல்லேன்."

பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கிய நான், அடுத்து எப்போது வர வேண்டும் என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டேன்.

திரும்பும்போது டிராமில் மறுபடி நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பா ஜன்னலைப் பார்த்தபடி, "டாக்டரம்மா வேற ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்கப்பா" என்று புளுகினேன். "இந்த வருஷம் அவ பரீட்சை எழுதலேன்னா என்ன பண்ணுவீங்கன்னு."

அப்பா டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கடையில கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். எனக்குத்தான் வாய் ஜாஸ்தின்னு டாக்டரம்மாகிட்ட சொல்லு."

"கை மரத்துப்போச்சுப்பா" என்றேன், தமிழிலேயே.

என் கையை வாங்கித் தேய்த்துக்கொண்டே, எதிரில் இருந்தவரிடம் தன் பேரம்பேசும் பெங்காலியில், "என் மகள். பேங்கில் வேலை" என்றார். பரீட்சையைப் பற்றி மூச்சுவிடவில்லை.