நான் நம்பாத குதிகால்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்தேன். அங்கே தபால்காரனாக இருந்த என் நண்பனுக்கு வயது முப்பத்து நான்கு. ஊழியர் விளையாட்டு விழாவில் அவன் ஓடியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான்தான். குழுவுக்கு நான் தலைவன். ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு.

விடிந்ததும் ஃபேரர் பார்க் திடலில் பயிற்சி. ஒரு மாதத்திலேயே அவன் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிட்டது.

ஒருநாள் சொன்னான்: "காலையில எந்திரிச்சா குதிகாலுக்கு மேல விண்ணுனு இழுக்குதுடா. நாலு நாள் ரெஸ்ட் எடுத்துக்கட்டுமா?"

"இந்தக் காலுக்கா வலி? ஓட ஓட சரியாயிடும் லா."

மறுநாளிலிருந்து படிக்கட்டிலும் ஏறி ஓட வைத்தேன்.

விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. வேகமாகப் புறப்பட்டவன் பத்தடி போவதற்குள், காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. விழுந்தவன் திரும்பிப் பார்த்து, "யாருடா பின்னாலேருந்து உதைச்சது?" என்றான். பின்னால் யாருமே இல்லை.

மருத்துவமனையில் டாக்டர் விளக்கினார். "சதை சில வாரத்துல பலமாயிடும். அதை எலும்போட சேர்க்கிற நாண் மெதுவாத்தான் பழகும், மாசக்கணக்கா ஆகும். அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்க, நாண் அறுந்துபோச்சு. முன்னாடியே வலிச்சிருக்குமே?"

அவன் மனைவி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா" என்றேன். கட்டிலில் கிடந்தவன் என்னைப் பார்த்தான்.

காலில் மாவுக்கட்டு போட்டார்கள். அதைப் பிரித்த பிறகு தினமும் அவன் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவான். நான் கூடவே நிற்பேன். நடை வந்தது. ஆனால் நாளெல்லாம் தெருத்தெருவாக நடக்கும் வேலை இனி முடியாது என்றாகி, உள்ளே தபால் பிரிக்க உட்கார வைத்தார்கள். வெயிலும் மனிதர்களும் இல்லாத அந்த மூலை அவனுக்குப் பிடிக்கவே இல்லை.

ஒரு வருஷம் கழித்துத்தான் அவன் மனைவியிடம் உண்மையைச் சொல்ல வாய் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அன்னைக்கே சொல்லிட்டாருண்ணே. உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னும் சொன்னாரு."

அவள் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்று வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.