நயினார் அண்ணாச்சி எழுதிய ஒன்பது பூஜ்யங்கள்

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். கைபேசி அடித்தது. கண் மங்கித் திரையில் பெயர் தெரியாததால் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினேன். "கோமதி மதினின்னு போட்டிருக்கு, ஐயா" என்றார். மதினி அழவில்லை. "உங்க அண்ணாச்சி போயிட்டாவ. இட்லி சாப்பிட்டுட்டு பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாவ. நெஞ்சு நின்னுட்டு" என்றார். அழுதால் மருந்து கலைந்துவிடுமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நம் அலுவலக நண்பர்கள் படிக்கப்போகும் இந்த அஞ்சலியில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. நயினார் அண்ணாச்சி கேட்டிருந்தால் தச்சநல்லூர் வரை கேட்கும்படி சிரித்திருப்பார்.

ஆறுமுகநயினார் என்ற நம் நயினார் அண்ணாச்சி, பாசன அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை. தாமிரபரணி அணைக்கட்டுகளிலிருந்து தினமும் காலையில் வரும் நீர்மட்டக் கணக்கைச் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது எங்கள் இருவர் வேலை. அவருக்கு இருமுனை மனநோய் இருந்தது. மதினியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அவரே தம் பணி நிறைவு விழாவில் ஒலிபெருக்கியில் சொன்னதுதான் இது: "எனக்குச் சீனி கெடையாது, பிரஷர் கெடையாது. மனசுதான் சில சமயம் வெள்ளம், சில சமயம் வறட்சி. மாத்திரை போடுதேன். மாசம் ரெண்டு தடவ ஒரு அம்மாகிட்ட போய்ப் பேசுதேன். நல்லா இருக்கேன்." நம்மில் பலர் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் இன்னொரு வடை கேட்டார்.

சிகிச்சைக்கு முந்தைய காலத்தை நம்மில் சிலர் மறந்திருக்க மாட்டோம். ஒரு கோடையில், பாபநாசத்திலிருந்து கடல் வரை ஆற்றை நானே அளப்பேன் என்று அளவுகோலோடு கிளம்பிவிட்டார். ஐந்தாம் நாள் ஆழ்வார்திருநகரியில் கண்டுபிடித்தோம். படித்துறையில் குளிக்க வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து ஆற்றைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர்களும் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதன்பின் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஓர் ஆலோசகரிடமும் அனுப்பினார். மேலப்பாளையத்துக்காரப் பெண்மணி. தனியாகப் போகப் பயந்து மதினியோடு என்னையும் அழைத்துப் போனார் அண்ணாச்சி. எனக்கு அவரைவிடப் பயம். மாத்திரை வெள்ளத்தின் உயரத்தைக் குறைக்கும், வெள்ளம் வருவதை முன்னாலேயே கண்டுகொள்வதற்கு இங்கே பழகலாம் என்றார் அந்த அம்மா. "அப்போ நான் சந்தோஷமா இருந்தாலே சீக்கா?" என்று கேட்டார் இவர். "சந்தோஷம்னா தூங்கி எழுந்த பிறகும் இருக்கும், சார். இது உங்களைத் தூங்கவே விடாது."

தினமும் ஒரு நோட்டில் மனத்தின் மட்டத்தை எழுத வேண்டும். சமநிலை பூஜ்யம், ஏற்றம் ஐந்து வரை, இறக்கமும் ஐந்து வரை. ஆலோசகர் இன்னொன்றும் கேட்டார். மனம் ஏறும்போது, அது ஏறிவிட்டது என்பதுதான் முதலில் தெரியாமல் போகும். அப்போது யார் சொன்னால் கேட்பீர்கள் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வையுங்கள் என்றார். மதினி பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். "இவ சொன்னா சண்டையில முடியும். இந்தா இருக்காரே லிங்கம், ஆறு கரை தாண்டிப் போனாலும் ரெண்டு தடவ அளந்துட்டுத்தான் வெள்ளம்னு சொல்லுவாரு" என்று என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வேண்டாம் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

முதல் முறையே நான் தவறினேன். மகளுக்கு வேலை கிடைத்த அன்று அவர் டவுன் பஸ்ஸில் பாட்டுப் பாடினார். நான் பயந்து ஆலோசகருக்குப் போன் செய்துவிட்டேன். அது வெறும் சந்தோஷம். "லிங்கம் பக்கத்துல இருந்தா கொட்டாவி விடக்கூட ரோசனையா இருக்கு வே" என்று ஒரு மாதம் கேலி செய்தார்.

பிறகு மகளின் திருமணம் வந்தது. பதினைந்து நாள் இருக்கையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போவதுபோல் அந்தச் சனிக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போய் நோட்டைப் பார்த்தேன். கடைசி ஒன்பது நாளும் பூஜ்யம், ஒரே மை, ஒரே சாய்வு. விடுப்பில் போன அணைக்கட்டுக் காவலாளிகள் திரும்பி வந்ததும் விட்டுப்போன நாட்களுக்கு ஒரே மட்டத்தை வரிசையாக எழுதி அனுப்புவது உண்டு. "ஒம்பது நாள் ஒரே மட்டத்துல நிக்க இது என்ன தொட்டித் தண்ணியா?" என்று திருப்பி அனுப்புகிறவர் இவர்தான். கூடத்தில் பந்தி வரைபடத்தை நான்காம் முறையாக வரைந்துகொண்டே, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "நாலு நாளாத் தூக்கம் இல்ல" என்று அடுக்களையில் மதினி மெல்லச் சொன்னார்.

மறுபடி தவறினால்? கல்யாண வீட்டில்? பேசாமல் பஸ் நிறுத்தம் வரை போய்விட்டேன். பிறகு திரும்பி வந்தேன்.

"அண்ணாச்சி, இது அளந்து எழுதினது இல்ல."

"எம்மவ கல்யாணத்துக்கு நான் சந்தோஷப்படக் கூடாதோ? மாத்திரையக் கூட்டி என்னைய மந்தமாக்கி மணவறையில உக்கார வைக்கணும், அதான? வெளிய போம்வே!"

நான் போகவில்லை. "நீங்கதான் என் பேரை எழுதினீங்க" என்றேன்.

நோட்டை வாங்கி அந்த ஒன்பது வரியையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "கோமு, சட்டைய எடு. அந்த அம்மாவப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "கோவம் போகல, கேட்டேரா? வழி பூரா ஏசிக்கிட்டுத்தான் வருவேன். நீரும் வாரும்" என்றார். சொன்னபடியே ஏசினார்.

மருத்துவர் மருந்தைச் சற்று மாற்றினார். ஆலோசகர் பந்தி வேலையை மைத்துனரிடம் ஒப்படைக்கச் சொல்லி, படுக்கும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். திருமணத்தன்று அண்ணாச்சி வாசலில் நின்று எல்லாருக்கும் சந்தனம் பூசினார். தாலி கட்டும்போது அழுதார். பந்தியில் மூன்று பேர் பங்கைச் சாப்பிட்டார். நடுப்பகலில் மாடியில் பாய் விரித்துக் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்தார். எழுந்தும் அதே சிரிப்பு. அன்றைக்கு நோட்டில், "மூன்று. அளந்தது" என்று எழுதியிருந்தார்.

என் வீட்டில் நான் பேசி முடிப்பதற்குள் முடிவு எடுத்துவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் என் பேச்சை அவ்வளவாக நம்பியதில்லை. இந்தப் பக்கத்தையே மூன்று முறை அடித்து எழுதியிருக்கிறேன். ஆனால் தம் மனத்தை நம்ப முடியாத ஒரு நாளில் என் சொல்லை நம்புவதாக ஒரு மனிதர் எழுதிக் கொடுத்தார். அந்த நாள் வந்தபோது ஏசிக்கொண்டே நம்பவும் செய்தார். நயினார் அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.