காப்பு கட்டுவதற்குள்

வண்டியூருக்கு அப்பால் வயல்வெளியில் கீற்றுக் கொட்டகை போட்டு, வாந்திபேதி கண்டவர்களை அங்கே கொண்டுவந்து கிடத்தினார்கள். நான் அங்கே நர்சு. கூட இருந்த இன்னொரு நர்சு அன்று காலையில் தானே பேதியில் விழுந்துவிட்டாள். டாக்டர் திருமங்கலம் பக்கம் போயிருந்தார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

என் வீடு சிம்மக்கல்லில். ஏழு மாதப் பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவேன். பொழுது சாய ஓடிப்போய்ப் பால் கொடுப்பேன். அன்று எங்கள் தெருவில், நோய் தணியவேண்டி மாரியம்மனுக்குக் காப்பு கட்டுவதாக ஏற்பாடு. கட்டிவிட்டால் தெருக்காரர் யாரும் இரவு வெளியே தங்கக்கூடாது. தங்கியவர், எட்டு நாள் கழித்துக் காப்பு அவிழ்க்கும்வரை தெருவுக்குள் கால் வைக்கக்கூடாது.

வெயில் தாழ என் வீட்டுக்காரர் ஜட்கா பிடித்து வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

"வெரசா வா. விளக்கு வைக்கவும் காப்பு கட்டிருவாக. எங்காத்தா பிள்ளயோட வாசல்லயே நிக்குது."

"இந்தப் பொம்பளைக்கு நரம்புல உப்புத்தண்ணி ஏறுது. முடியட்டும், வாரேன்."

"எம்புட்டு நேரமாகும்?"

"அவ நரம்பைத்தான் கேக்கணும்."

அவள் குடியானவ வீட்டு இளம்பெண். பேதிக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று நம்பி, வீட்டார் ஒரு வாய்கூடக் கொடுக்காமல் காயப்போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் புத்தி கெட்ட சனத்தை வாய் வலிக்கத் திட்டினேன். நாடி பிடிக்கவே கிடைக்கவில்லை. எப்படியோ ஊசியை ஏற்றியிருந்தேன்; எடுத்தால் மறுபடி நரம்பு அகப்படாது. எனக்குத் துணையிருந்த தண்ணீர் தூக்கும் ஆளுக்கு உப்புத்தண்ணிப் புட்டி மாற்றத் தெரியாது.

பக்கத்துக் கூடையில் அவளுடைய கைக்குழந்தை பசியில் கத்தியது. கத்தக் கத்த எனக்கு மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. நோயாளிகளின் பிள்ளைகளைத் தூக்கக்கூடாது, நோயை வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

"நம்ம பிள்ள பாலுக்கு அழுதுக்கிட்டுக் கெடக்கு. இது யாரோ எவரோ" என்றார் அவர்.

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம் வந்தது. கையில் அந்தப் பெண்ணின் மணிக்கட்டு இருந்தது. நாடி நூலாய்த் துடிக்க ஆரம்பித்திருந்தது.

"நீங்க போங்க. ஆட்டுப்பாலக் காய்ச்சிக் குடுக்கச் சொல்லுங்க."

"விளையாடாத."

"போங்கன்னு சொல்லுறேன்ல."

அவர் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். ஜட்கா திரும்பிற்று. அது மறைந்ததும் வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். இனி வீட்டுக்கும் போகப்போவதில்லை. எந்த நோயை யாருக்குக் கொண்டுபோகப்போகிறேன்? மருந்துத் தண்ணீரில் கையையும் மார்பையும் கழுவிக்கொண்டு, கூடையிலிருந்த பிள்ளையை எடுத்து மடியில் போட்டேன். மறு கை புட்டியைப் பிடித்திருந்தது.

அந்தப் பெண் பிழைத்தாள். எழுந்து உட்காரும்வரை அவள் பிள்ளைக்கு நான்தான் பால்.

காப்பு அவிழ்த்த மறுநாள் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் தலைமுழுகி, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு, ஓடிவந்து மகளை வாங்கி மாரோடு அணைத்தேன். பால் தானாகச் சுரந்து வழிந்தது. அவள் உடம்பை விறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"ஆட்டுப்பாலுக்குப் பழகிருச்சுத்தா, கொஞ்ச நேரம் வச்சிரு" என்றார் மாமியார், கண் கலங்க.

வைத்திருந்தேன். மகள் வீறிட்டுக்கொண்டே அவரிடம் போகக் கையை நீட்டினாள்.